பழவேற்காட்டுக் கரையிலிருந்து போனவர்கள்



ஆண்டு விழா மேடையில் ஏறுகிறவன் சோழர்தம் கடற்படையைப் பற்றியோ, தமிழின் தொன்மையைப் பற்றியோ பிரசங்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்திலிருந்து சற்றே விலகி, திருவள்ளூர் மாவட்டத்தின் கீழைக் கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு அப்பால், ஏரிக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டின்மேல் நிற்கின்ற ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியும், அதைச் சூழ்ந்த பழவேற்காட்டுத் துறையைப் பற்றியும் உங்களோடு பேச உத்தேசித்திருக்கிறேன். கடல் கடந்து வந்து குடியேறிய உங்களுக்கு அந்தக் கரையின் சரித்திரத்தில் ஒரு பாத்தியதை உண்டு என்பதே என் கருத்து.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பஸ் ஏறிக் கிழக்கே போனால் பழவேற்காடு வரும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியதென்று பெயர்பெற்ற ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. அதன் முகத்துவாரத்தை அடுத்த திட்டில் இருக்கும் ஊருக்கு லைட் ஹவுஸ் குப்பம் என்றே பெயர். அங்கே முதல் விளக்கு ஏற்றப்பட்டது 1859-ஆம் ஆண்டில். இப்போதுள்ள உயர்ந்த கோபுரம் 1980-களில் எழுந்தது. இக்கடலடியில் மறைந்து கிடக்கும் மணல் மேடுகள் கப்பல்களுக்கு அபாயமானவை. ஆகவே, சென்னைத் துறைமுகத்தை நாடிவரும் மாலுமிகளை ‘விலகிப் போங்கள்’ என்று எச்சரிப்பதே அவ்விளக்கின் பிரதான உத்தியோகம். ஆனால் முதல் விளக்கு ஏறுவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே, உலகத்துக் கப்பல்களெல்லாம் விலகிப் போகாமல் வலிந்து வந்து நங்கூரம் பாய்ச்சிய துறையாக இதே பழவேற்காடு விளங்கிற்று. கப்பல்களை அழைத்த ஊர் கப்பல்களை விலக்கும் ஊராக மாறிய விருத்தாந்தமே அதன் சரித்திரம்.

விஜயநகர மன்னர்களின் காலத்தில் இது செழித்த பட்டினம். அராபிய வர்த்தகர்களின் வழித்தோன்றல்களென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தனர். மகிமை மாதா ஆலயத்தின் ஆரம்பத்தை 1515-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்து, வேங்கடபதி தேவராயரின் ஆட்சியில் அனுமதி பெற்று ஒரு பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதைத் தாக்கி அழித்துவிடவே, மறு ஆண்டே அவ்விடத்தில் ஒரு கோட்டை எழும்பிற்று. அதன் தலைவராயிருந்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டார். 1690-இல் தலைமை நாகப்பட்டினத்துக்குப் பெயரும் வரையில், சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் அதிகாரமும் வர்த்தகமும் இந்தக் கோட்டைக்குள்ளிருந்தே நடந்தன.

அவர்கள் இங்கே நாடி வந்தது துணியை. மொலுக்காஸ் முதலிய தீவுகளில் கிராம்பையும் ஜாதிக்காயையும் கொடுப்பவர்கள் வெள்ளியைவிட நம் நெசவாளரின் சாயத் துணிகளையே விரும்பினார்கள். ஆகவே சோழமண்டலத் துணி இல்லாமல் வாசனைத் திரவிய வியாபாரமே நடவாது என்னும் நிலைமை. பழவேற்காட்டின் பெயர் தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைகள் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயின. கோட்டையில் நாணயம் அச்சிட்டார்கள்; வெடிமருந்தும் தயாரித்து பதேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள்.

இன்னொரு சரக்கையும் அனுப்பினார்கள். அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் உள்நாட்டில் யுத்தம் மூண்டு, பயிர் அழிந்து, பஞ்சம் தலைவிரித்தாடிய போதெல்லாம், தம்மையும் தம் குழந்தைகளையும் விற்றுப் பிழைக்க நேர்ந்தவர்களும், சிறைபிடித்து விற்கப்பட்டவர்களுமாகப் பல்லாயிரவர் இக்கரையோரத் துறைகளில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்; அவற்றுள் பழவேற்காடு முக்கியமானது. ஆண்களும் பெண்களும் பதேவியாவுக்கும் இலங்கைக்கும் பிற தீவுகளுக்கும் போனார்கள். தமிழர் திரைகடலோடிய பெருமையை விழாக்களில் கொண்டாடும் நாம், திரவியம் தேடப் போகாமல் தாமே திரவியமாக விலைபோன இவர்களுக்கென ஒரு வாக்கியத்தையும் ஒதுக்குவதில்லை.

ஊரின் நடுவே இந்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலின் இருமருங்கிலும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் பெயரும் தேதியும் குலச்சின்னமும் பொறித்த கனத்த கற்கள் கிடக்கின்றன. மூன்றரை நூற்றாண்டு உப்புக் காற்றிலும் பல எழுத்துகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அதே துறையில் கப்பலேறிய நம்மவருக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

ஒல்லாந்தரைப் பற்றி இதை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமாகாது. 1630-களில் அங்கே பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டுக்கேட்டு இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் லெய்டன் நகரில் வெளியாயிற்று. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் சுபாஷிதங்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அந்நூலில்தான். அடிமை வியாபாரம் நடந்த கோட்டையின் நிழலிலேயே ஞான விசாரமும் நடந்தது என்பதை, இரண்டில் ஒன்றையும் மறைக்காமல் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தவை வெகு சீக்கிரம் நடந்தன. 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள்; கொடுப்பதும் பிடிப்பதுமாக இருந்து, இடையில் கோட்டையையும் தகர்த்து, 1825-இல் முற்றிலும் தமதாக்கிக்கொண்டார்கள். சென்னை வளர்ந்தது, பழவேற்காடு ஒடுங்கிற்று. கோட்டை இருந்த மேட்டில் இன்று முட்புதரும் அகழியின் மிச்சமுமே காணக் கிடைக்கும்.

ஆயினும் ஊர் உயிரோடு இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை மீனவக் குப்பங்கள் ‘பாடு’ என்னும் முறைப்படி தமக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. இன்று இந்த இடம் இவருக்கென்றால், வலுத்தவரும் அதில் வலை கட்டுவதில்லை. முஸ்லிம் பெண்கள் பனையோலையைக் கீறிச் சாயமேற்றிப் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்பாறைக் கல்லில் இராமாயணக் காட்சிகள் உள்ளங்கையளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாதென்ற உத்தரவுக்கு இணங்கி, மீனவர்கள் கரையில் நின்று அதை வேடிக்கை பார்க்கிறார்கள். தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் புதிய துறைமுகங்கள் எழுந்துவிட்டன. கரை அரிப்பும் முகத்துவாரம் தூர்ந்துபோவதும் அவர்களுடைய அன்றாடக் கவலைகள்.

இந்தக் கரைப்பிரதேசம் மனிதர்களை அனுப்பியதோடு நிற்கவில்லை, வரவேற்கவும் செய்திருக்கிறது. இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்காகக் கும்மிடிப்பூண்டியில் அமைந்த முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குக் குடியுரிமை இன்னும் கைகூடவில்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் கையிலேந்தி விமானத்தில் வந்த நாம், கடல் கடந்த தமிழர் என்று சொல்லும்போது அவர்களையும், பதேவியாவுக்குப் போனவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொல்வதோடு நில்லாமல் செய்யத் தகுந்த காரியம் ஒன்றும் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தஸ்தாவேஜுகள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்திலும், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை ஆகிய இடங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டிலும் அவை இடம்பெற்றன. சரக்கைக் கணக்கெழுதிய அந்தக் கணக்கப்பிள்ளைகள் மனிதரையும் கணக்கெழுதியிருக்கிறார்கள். அக்கால டச்சு எழுத்தைப் படிக்கப் பயின்ற தமிழ் மாணவர்கள் மிகச் சொற்பம். ஆண்டுதோறும் ஆடல் பாடலுக்கும் விருந்துக்கும் தாராளமாகச் செலவிடும் நம் சங்கம், அதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் அந்தப் பயிற்சிக்கு உபகாரச் சம்பளம் அளிக்குமானால், பழவேற்காட்டிலிருந்து போனவர்களின் ஊரும் பேரும் சிலவாவது தமிழில் வெளிவரும். இதைத் தீர்மானமாக இன்றைய பொதுக்குழுவின் முன் வைக்கச் சங்கத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.