ஒரே பிள்ளையை இழந்தோர்க்கு அரசின் கடமை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சீன நாட்டில் ‘ஷிது’ என்றொரு சொல் வழங்குகிறது. ஒரே பிள்ளையை இழந்தவர் என்பது அதன் பொருள். ஒரு துயருக்குத் தனிச்சொல்லே பிறக்கும் அளவிற்கு அங்கு அது பெருகியது ஏன் என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1980-ஆம் ஆண்டு செப்டம்பரில், குடும்பத்திற்கு ஒரே பிள்ளை போதும் என ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்தது. மீறியோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஏற்றோருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. 2016 தொடங்கியே இரு பிள்ளைகளுக்குப் பொது அனுமதி கிடைத்தது. இதற்கிடையில் நோயிலும் விபத்திலும் அந்த ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தோர் பலர். 2008 மே 12-இல் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்து வீழ்ந்தபோது, எத்தனையோ இல்லங்களின் ஒரே விளக்கு அணைந்தது. மீண்டும் பிள்ளை பெற அரசு அனுமதியும் இலவச சிகிச்சையும் அளித்தது. வயது கடந்த தாய்மார்களுக்கு அதனால் யாது பயன்?

இத்தகையோருக்கு உதவ வேண்டும் என 2001-இல் இயற்றிய சட்டம் கூறியது. 2007-இல், தாய்க்கு 49 வயது நிறைந்தபின், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் மாதம் குறைந்தது 100 யுவான் என வரையறுக்கப்பட்டது. தொகை போதாதென 2012-இல் பெற்றோர்கள் தலைநகர் பெய்ஜிங் சென்று முறையிட்டனர். 2014-இல் நகரத்தாருக்கு 340, கிராமத்தாருக்கு 170 என்றாயிற்று. கிராமத்துத் தாயின் கண்ணீர் பாதி விலைதானா? பின்னர் அவ்வேறுபாடு நீங்கி, 2018-இல் அனைவருக்கும் 450 யுவான் என உயர்ந்தது.

ஆயினும், அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவமனை உறவினரின் கையொப்பம் கேட்கிறது. முதியோர் இல்லம் பிணை நிற்பவரைக் கேட்கிறது. அங்கெல்லாம் பணம் பிள்ளையாகி நிற்பதில்லை. எனவேதான் பிற்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தொடர்பாளரும் குடும்ப மருத்துவரும் அமர்த்தப்பட வேண்டுமென அரசு பணித்தது. ஒரு பிள்ளையோடு நிறுத்துக என ஆணையிட்ட அரசு, அப்பிள்ளை இல்லாதபோது அதன் இடத்தில் ஓர் ஆளை நிறுத்துவது தர்மம் அன்று, கடன் என்றே நாம் கருதுகிறோம்.

சகோதரர்களே! நம் மஹல்லாவிலும் பிள்ளையை இழந்து தனித்து வாழும் முதியோர் இருக்கக்கூடும். பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை தந்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. இரவில் நோயுற்றால் உடன் செல்பவர் யார், மருத்துவமனையில் முன்னிற்பவர் யார் என ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து நிர்வாகக் குழு ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.