பைக்கால்: கரையில் தொடங்கும் கேடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ அந்தப் பேராசிரியரிடம் படித்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஏரி என்று அவர் பேச்செடுத்தால் அடுத்த வாக்கியத்தில் பைக்கால் வந்துவிடும். ஆகவே தலைப்புக்காக நான் அதிகம் யோசிக்கவில்லை. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதும் அல்ல. பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளைத்தான் தேடிப் பிடிப்போம். பனிமலையும் நீல நீருமாக எத்தனையோ படங்கள் எங்கள் கணக்குப் புத்தகத்தின் மேல் ஆண்டு முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பைக்கால் இருப்பது தெற்கு சைபீரியாவில், இர்கூத்ஸ்க் மாநிலத்துக்கும் புரியாத்தியக் குடியரசுக்கும் நடுவே. நீளம் 636 கிலோமீட்டர். அதிகபட்ச ஆழம் 1,642 மீட்டர். உலகில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. வயது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டு. கொள்ளளவு சுமார் 23,600 கன கிலோமீட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால்தான் இது மனத்தில் ஏறும். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. பைக்காலில் இருப்பது ஏறத்தாழ 8,900 மேட்டூர். உலகில் உறையாமல் தரைமேல் இருக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வியப்பு வருகிறது. அந்த வியப்போடுதான் நான் இன்று வழக்காட வந்திருக்கிறேன். பைக்காலுக்குக் கேடு செய்த ஒவ்வொருவரும் அந்த வியப்பையே சாக்காகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு தண்ணீரில் இந்தக் கொஞ்சம் கழிவு என்ன செய்துவிடும் என்பதே அவர்கள் கேள்வி.

இத்தனை தண்ணீர் ‘இருப்பு’ என்பதே பாதி உண்மைதான். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் பைக்காலில் விழுகின்றன. வெளியேறுவது அங்காரா என்ற ஒரே ஆறு. அதன் வழியே ஆண்டுக்குப் போவது 60 கன கிலோமீட்டர் அளவில்தான். ஏரி நீர் முழுவதும் ஒருமுறை மாறுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த அறக்கட்டளையின் வைப்புத்தொகையை யாரும் தொடுவதில்லை, வட்டியில்தான் சொற்பொழிவு நடக்கிறது அல்லவா? பைக்காலின் நிலையும் அதுதான். அந்த வைப்பில் கலந்த நஞ்சு நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே இருக்கும்.

இந்த ஏரியின் மதிப்பை நான் தண்ணீரில் தேடவில்லை. ஆழமான ஏரிகள் பலவற்றில் அடிநீருக்குக் காற்று எட்டாது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் சில நூறு மீட்டருக்குக் கீழே உயிர்வளியே கிடையாது. பைக்காலில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்திலும் உயிர்வளி உண்டு, ஆகவே உயிர்களும் உண்டு. 2,500-க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. கோலம்யாங்கா என்றொரு மீன். செதில் இல்லை, காற்றுப்பை இல்லை, உடலில் கொழுப்பு மிகுதி. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். அதைத் தின்று வாழ்வது நெர்ப்பா. நன்னீரில் மட்டுமே வாழும் சீல் இனம் உலகில் அது ஒன்றுதான். கடலிலிருந்து இத்தனை தொலைவில் அது எப்படி வந்து சேர்ந்தது என்று இன்னும் வாதம் நடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் எபிஷூரா என்ற நுண்ணிய மிதவை உயிரி இருக்கிறது. வளர்ந்த எபிஷூராவின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். குளிர்ந்த நீரில் மட்டுமே செழிக்கும். ஏரியின் விலங்கு மிதவையில் பெரும்பகுதி அதுவே. நீரிலுள்ள நுண்பாசியை வடித்துத் தின்பதால் நீரைத் தெளிவாக வைத்திருப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு. நல்ல பருவத்தில் பைக்காலில் 40 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் ஏரியில் முழங்கை ஆழத்தில் விரல் தெரிந்தாலே அதிகம்.

குளிர்காலத்தில் ஏரி மொத்தமும் உறைந்துவிடும்; ஜனவரியிலிருந்து மே வரை பனிக்கட்டிதான். உயிர்கள் அப்போது உறங்கிக் கிடப்பதில்லை. காற்று பனித்தூவியை ஒதுக்கிவிட, கண்ணாடியாய்த் தெளிந்த பனிக்கட்டி ஊடே வெயில் இறங்குகிறது. அதன் அடிப்புறத்தில் டயாட்டம் பாசிகள் பெருகுகின்றன. நெர்ப்பா குட்டி ஈனுவதும் பனிக்கட்டியின் மேல்தான். ஆக, அந்த ஏரியின் ஆண்டுக்கணக்கு பனியிலிருந்தே தொடங்குகிறது. 1869-க்கும் 1996-க்கும் இடையில் பனியற்ற காலம் 18 நாள் நீண்டிருக்கிறது.

இந்த விவரங்களில் பல நமக்குத் தெரிவதற்கு ஒரு குடும்பம் காரணம். மிகாயில் கோழவ் இர்கூத்ஸ்க் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர். 1945-இல், போர் முடிந்த ஆண்டில், போல்ஷியே கோத்தி என்ற கரையோரச் சிற்றூருக்கு எதிரே ஏரியில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டார். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குப் போய் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை பார்ப்பது, வலையால் மிதவை உயிரிகளை எடுத்து எண்ணுவது, வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறிப்பது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனியில் துளை. அவருக்குப் பிறகு மகள் ஓல்கா கோழவா, அவருக்குப் பிறகு பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியேவா. ஸ்டாலின் ஆட்சியில் தொடங்கிய பதிவு, சோவியத் ஒன்றியம் சிதறி ஆய்வுக்கூடங்கள் காசில்லாமல் தவித்த நாளிலும் நிற்கவில்லை. அறுபது ஆண்டுத் தரவை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். 1946-க்குப் பிறகு மேல்மட்ட நீர் 1.21 டிகிரி செல்சியஸ் சூடேறியிருந்தது. 1979-க்குப் பிறகு பச்சையத்தின் அளவு 300 விழுக்காடு கூடியிருந்தது. வெதுவெதுப்பை விரும்பும், உலகெங்கும் காணப்படும் சாதாரண நீர்த்தெள்ளு இனங்கள் பெருகிவந்தன. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு தட்பவெப்ப மாற்றத்துக்கு எளிதில் அசையாது என்ற எண்ணம் அதோடு பொய்த்தது.

இனி ஆலைக்கு வருகிறேன். தென்கரையில் பைக்கால்ஸ்க் என்ற ஊர். 1966-இல் அங்கே காகிதக்கூழ் ஆலை இயங்கத் தொடங்கியது. விமானச் சக்கரங்களுக்கு வேண்டிய உறுதியான இழைக்கு மிகத் தூய நீர் தேவை, அது பைக்காலில்தான் கிடைக்கும் என்றார்கள். தூய்மைக்காகத் தேடி வந்து அதிலேயே குளோரின் கலந்த கழிவை விட்டார்கள். நீரியலாளர் கிரிகோரி கலாஸி எதிர்த்தார், எழுத்தாளர் வலந்தீன் ரஸ்பூத்தின் எதிர்த்தார். அரசை எதிர்த்துப் பேசவே அஞ்சிய நாட்டில், ஓர் ஏரிக்காகப் பொதுவெளியில் குரல் எழுந்தது சிறிய செய்தி அல்ல. ஆனாலும் ஆலை நின்று ஓய 2013 ஆனது. இடையில் 2008-இல் மூடி 2010-இல் மறுபடி திறந்த கூத்தும் உண்டு. ஊரே அந்த ஆலையை நம்பி இருந்ததால், வேலை போனவர்களின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்யாமல் மூடு என்று மட்டும் சொல்வது பாதி வேலை. ஆலை போய்விட்டது, 60 லட்சம் டன் அளவுக்கு லிக்னின் கசடு ஏரிக்கரைத் தொட்டிகளில் கிடக்கிறது. மேலே மலை, கீழே ஏரி. பெருமழையில் சேற்றுப்பெருக்கு இறங்கினால் அது எங்கே போய்ச் சேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆலையை எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் வந்த கேடு யார் கண்ணிலும் படாமல் வந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கரையோரத்தில் முங்கிப் பார்த்தபோது, பைக்காலின் ஆழமற்ற பகுதியில் முன்பு பெரிதாக இல்லாத ஸ்பைரோகைரா பாசி பாறைகளை மூடிக் கிடந்தது. நம் மாணவர்கள் முதலாமாண்டில் நுண்ணோக்கியில் பார்க்கிறார்களே, அதே ஸ்பைரோகைரா. புயலுக்குப் பின் கரையில் குவிந்து அழுகி நாறியது. லூபமீர்ஸ்கியா என்னும் நன்னீர்ப் பஞ்சுயிரி இனம் அங்கே பச்சைக் கிளைகளாய்ப் பாறையில் வளரும். அது நிறம் மாறிச் சிதைந்து சாகத் தொடங்கியது. பஞ்சுகளின் நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்டிவிட முடியவில்லை. பாசி பெருகியதன் பின்னால் சாக்கடையின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. லிஸ்த்வியான்கா போன்ற சுற்றுலா ஊர்களில் விடுதிகள் பெருகின, கழிவுநீர் ஏற்பாடு பெருகவில்லை. கழிவுத் தொட்டியிலிருந்து சாக்கடை நீர் நிலத்தடியில் கசிந்து, சலவைத்தூளின் பாஸ்பேட்டோடு ஏரிக்கு வருகிறது. வடகரையில் ரயில்பாதை நகரமான செவெரோபைக்கால்ஸ்க்கிலும் இதே கதைதான்.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. நடு ஏரியில் நீரை மொண்டு சோதித்தால் இன்றும் அது தூய நீர். அதைக் காட்டி ஒன்றும் கெடவில்லை என்று சொல்லிவிடலாம், சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் ஏரியின் உயிர்வகை மிக அடர்ந்திருப்பது வெயில் தரைதொடும் விளிம்பில். கழிவு வந்து சேரும் இடமும் அதுவேதான். 8,900 மேட்டூர் நீர் ஓரத்திலிருக்கும் பஞ்சுக்கு உதவாது.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். 1950-களில் அங்காராவின் குறுக்கே கட்டிய இர்கூத்ஸ்க் அணையால் ஏரியின் மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அதிலிருந்து மின்சாரத்துக்கும் மீனுக்கும் இடையில் இழுபறி. ஆற்று நீர் வரத்தில் பாதியைக் கொண்டுவரும் செலங்கா, மங்கோலியாவில் பிறப்பது. உலான்பத்தார் நகரின் கழிவும் தங்கச் சுரங்கங்களின் கலங்கலும் அதன் கிளையாறுகள் வழியே வருகின்றன. கரைவாசிகளின் அன்றாட மீனான ஓமுல் குறைந்துபோய், 2017-இல் வணிக மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. யுனெஸ்கோ 1996-இல் உலக மரபிடமாக அறிவித்தது, 1999-இல் ரஷ்யா தனிச் சட்டமே போட்டது. 2006-இல் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் எண்ணெய்க் குழாய் போக இருந்தது. மக்கள் தெருவில் இறங்கிய பின் புதின் அதை 40 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளச் சொன்னார். 2023-இல் கரைக்காடுகளை முழுதாக வெட்ட இடம்தரும் சட்டமுன்வரைவை நாடாளுமன்றக் கீழவை முதல் வாசிப்பில் ஏற்றது. சட்டம் இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது.

இந்தக் கல்லூரியிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மாவட்டத்துப் பெரிய ஏரியின் நீர் இருபது ஆண்டுக்கு முன் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று கேட்டால், பதில் சொல்ல நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை. கோழவ் செய்ததற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஒரு வெப்பமானி, ஒரு மிதவை வலை, வெள்ளை பூசிய தட்டு ஒன்று, கயிறு, ஒரு பேரேடு. செலவு இந்த அறக்கட்டளையின் ஓராண்டு வட்டிக்குள் அடங்கிவிடும். மதகுக்கு அருகே ஓரிடம், கரையோரம் ஓரிடம், வாரம் ஒருமுறை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாணவர்கள் மாறுவார்கள், பேரேடு மாறக் கூடாது. வரும் திங்கட்கிழமை தொடங்குங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருபவரிடம், பேச அழைக்கும் முன் அந்தப் பேரேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.