முகாமுக்கு வராதவர்களைத் தேடிச் செல்வோம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

 இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு வந்து பயன் பெற்றவர்களைப் பற்றிப் பலரும் பேசுவர். வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றிச் சில கருத்துக்களைத் தங்கள் முன் வைக்கிறேன்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள், 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் தம் கைகளாலேயே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டு, இயலாதோருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதே அங்குள்ள முறை. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்த காலத்தில், 1992இல் ஆரோலேப் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தி, அதனை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தயாரித்தார்கள்.

இவ்வளவு இருந்தும் மக்கள் அனைவரும் வந்துவிட்டார்களா? தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறையுள்ளவர்களில் 100க்கு 7 பேர் மட்டுமே முகாம்களுக்கு வந்ததாகக் கூறியது. அச்சம், வழிச்செலவு, வீட்டுப் பொறுப்பு, 'வயதானால் பார்வை மங்கத்தானே செய்யும்' என்னும் எண்ணம் ஆகியவையே மற்றவர்களைத் தடுத்தன. சிகிச்சை இலவசம்; ஆனால் அங்கு போய்ச் சேர்வது இலவசமாக இல்லை.

என் நன்னிமாவும் அவ்வாறு வராதவர்களில் ஒருவர். 1991ஆம் ஆண்டு எங்கள் ஊரில் முகாம் நடந்தது. ஜும்ஆ முடிந்ததும் அறிவிப்புச் செய்தார்கள். நானும் கேட்டேன்; வீட்டில் சொல்ல மறந்தேன். பிறகு சொன்னபோது, "எனக்கு எதுக்கு வாப்பா? இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஈராண்டுகள் கழித்துத் தாங்க முடியாத வலியுடன் அழைத்துச் சென்றோம். புரை மிகவும் முற்றி, கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து, வலக்கண்ணின் நரம்பு கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். இடக்கண்ணில் மட்டுமே பார்வை மீண்டது. கட்டு அவிழ்த்த அன்று என் முகத்தைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு வளர்ந்துட்டியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

சகோதரர்களே! பள்ளிவாசலில் நாம் செய்யும் அறிவிப்பு ஆண்களின் காதுகளுக்கே எட்டுகிறது. புரை வளர்ந்த கண்களுடன் அடுப்படியில் இருக்கும் தாய்மார்களுக்கு அதனை யார் எடுத்துச் சொல்வது? கண்புரை அறுவை சிகிச்சை பெறுவதில் ஆண்களைவிடப் பெண்கள் பின்தங்கியே உள்ளனர்.

இக்குறையை உணர்ந்தே, அரவிந்த் மருத்துவமனையினர் சிற்றூர்களுக்கு அருகிலேயே கண் பரிசோதனை மையங்களை அமைத்தனர். இன்று அவை நூற்றுக்கும் மேல் இயங்குகின்றன. அங்குள்ள பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியாக நோயாளியுடன் பேசி ஆலோசனை வழங்குகிறார்.

நம்மால் இயன்றது என்ன? முகாமுக்கு முன்னரே தெருவாரியாகப் பெயர்ப்பட்டியல் எடுப்போம். பெண்களிடம் பேசப் பெண்களையே அனுப்புவோம். தனித்து வாழும் முதியோருக்குத் துணையாள் ஒருவரை ஏற்பாடு செய்வோம். அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவரை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் நம் பொறுப்பே. சர்க்கரை நோயாளிகள், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எடுத்துரைப்போம். இப்பணி நம்முடைய சமுதாயத்தோடு நின்றுவிடாமல், சுற்றுவட்டாரத்து மக்கள் அனைவரையும் சென்றடைய வேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. சில நாட்களும் சில கால்களுமே தேவை. இன்று வீடு சென்றதும், தங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். நான் அன்று கேட்கத் தவறியதைத் தாங்களாவது கேளுங்கள்.

வல்ல இறைவன் நம் முயற்சிக்குத் துணை புரிவானாக!