கோட்டைக் களஞ்சியமும் குடிசைக் கணக்கும்

(செஞ்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செஞ்சியிலே நின்று பேசுகிறவன் கோட்டையைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. மூன்று குன்றுகளை மதிலால் வளைத்த கோட்டை! 1690 முதல் 1698 வரை மொகலாயப் பெரும்படையின் முற்றுகைக்கு ஈடுகொடுத்த கோட்டை! 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை! காண வருவோர் மதிலைப் பார்த்து மலைக்கின்றனர். தேசிங்கின் கதை கேட்டுக் கண் கலங்குகின்றனர். நானோ உங்களைக் களஞ்சியத்தின் பக்கம் அழைக்கிறேன். வாளும் வேலும் ஒரு நாள் போருக்கு உதவும். ஆண்டுக்கணக்கில் நீளும் முற்றுகையைத் தாங்குவது நெல்லும் நீரும். பகைவன் வாயிலிலே முரசறைந்த பிறகு நெல்லைத் தேடி ஓடுவதிலே பயனென்ன?

நோயும் ஒரு முற்றுகைதான், தோழர்களே! இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் முரசறைந்து வருவதில்லை. ஓசையின்றி நுழைந்து, சிறுநீரகத்தைச் சிதைத்து, கண்ணொளியைக் கவர்ந்து, ஒரு நாள் இதயத்தின் கதவைத் தட்டும்போதுதான் வந்திருப்பது யாரென்றே தெரிகிறது. "முன்கூட்டியே சோதித்துக்கொள்ளக் கூடாதா? ஏழைகளுக்கு அறிவு ஏது!" என்கிறார்கள், மெத்தையில் சாய்ந்தபடி பேசும் மேதாவிகள்.

அறிவில்லையா? ‘கமிட்டி’ என்று நம் மக்கள் அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலே மூட்டை சுமக்கும் தொழிலாளியின் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள்.

"தலை சுற்றுகிறது என்றீர்களே, ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் கூடாதா?"

"போகலாம். நாளைக்கு மூட்டை தூக்க யார் போவது?"

"காசா கேட்கிறார்கள்? மாத்திரை இலவசம்தானே!"

"மாத்திரை இலவசம், என் நாள் இலவசமா?"

கேட்டீர்களா கேள்வியை! இது அறியாமையின் குரலா? அல்ல, அல்ல! கணக்கின் குரல்! போகும் கூலி இன்றைக்கே போகிறது. வரும் நன்மையோ பத்தாண்டு கழித்து வருகிறது. இன்றைய உலைக்கும் நாளைய உடலுக்கும் இடையே நிற்பவன் உலையைத் தேர்ந்தெடுக்கிறான். குற்றம் அவன் மூளையில் இல்லை. அவன் மடியில் இருக்கிறது.

இராஜஸ்தான் மாநிலம் உதயப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலே ஓர் ஆய்வு நடந்தது. பின்னர் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்ளோவும் அதை நடத்தியவர்களுள் அடங்குவர். 2010-இல் முடிவு வெளியாயிற்று. எதுவும் செய்யாமல் விடப்பட்ட ஊர்களிலே, தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு 6. ஊருக்கே தவறாமல் முகாம் வந்தபோது 18. முகாமோடு, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்தபோது 39! தாய்மார் ஊசியை வெறுத்தவர்களா? இல்லை. வழியின் தொலைவும் வேலையின் இழப்பும்தான் அவர்களைத் தடுத்தன. ஒரு கிலோ பருப்பு அந்தத் தடையைத் தகர்த்தது.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். 1970-களிலே ‘ராண்ட்’ நிறுவனம் அங்கே பெரியதோர் ஆய்வைத் தொடங்கியது. மருத்துவத்துக்குக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியவர்கள், வேண்டாத சிகிச்சையை மட்டுமா குறைத்தார்கள்? வேண்டியதையும் குறைத்தார்கள்! இலவசமாகப் பெற்ற ஏழைகளுக்கோ இரத்தக் கொதிப்பு மேலும் நன்றாகக் கட்டுப்பட்டது.

இனி, காப்பீட்டைப் பார்ப்போம். காப்பீடு என்பது ஊர்ப் பொதுக் களஞ்சியம். விளைந்தவன் அளக்கிறான், வாடியவன் வாங்குகிறான். "எனக்குத்தான் நோயில்லையே, நான் ஏன் அளக்க வேண்டும்?" என்று நலமாயிருப்பவன் விலகினால் என்ன ஆகும்? நோயாளி மட்டுமே மிஞ்சுவான், கட்டணம் ஏறும், ஏற ஏற, இன்னும் பலர் விலகுவர். பழைய மோட்டார் வாணிபத்தை ஆராய்ந்து 1970-இல் கட்டுரை தீட்டிய ஆக்கர்லாஃப், முதியோருக்குக் காப்பீடு கிடைக்காமற் போவதையும் அதே கணக்கால் விளக்கினார். ஆகவேதான், எல்லோரையும் ஒரே களஞ்சியத்திலே சேர்க்க அரசு வேண்டும் என்கிறோம்.

ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. களத்துமேட்டுத் தொழிலாளியோ காத்திருந்தான், அறுபதாண்டுக் காலம்! 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, நான்காண்டுக் காலத்தில் 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. பின்னர் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சமாயிற்று. தாலியை விற்று அறுவைக்குப் பணம் கட்டிய காலத்தை அறிந்தவர்களுக்குத்தான் அந்த அட்டையின் அருமை தெரியும்.

ஆனால் தோழர்களே, அந்த அட்டை பெரும்பாலும் எப்போது பேசுகிறது? மருத்துவமனைக் கட்டிலிலே படுத்த பிறகு! இதயம் அடைத்தால் அட்டை உண்டு. அடைக்காமலிருக்க அன்றாடம் விழுங்கும் மாத்திரைக்கு அட்டை துணை வருவதில்லை. அட்டை இருக்கிறதே என்று நாம் அயர்ந்தால், மதில் இடிந்த பிறகு கொத்தனாரைத் தேடுகிறவர்களாவோம்.

அதனால்தான், 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பொருளியல் பாடம் என்பேன். இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகிறது. கூலி போகவில்லை, பேருந்துக் கட்டணம் இல்லை, வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை. "என் நாள் இலவசமா?" என்ற கேள்விக்கு அது விடை!

விடை ஏட்டிலே இருந்தால் போதாது. வீட்டிலே இருக்க வேண்டும். அதற்குத்தான் நீங்கள். கொடி கட்டத் தெரிந்த கைகளுக்குக் கதவு தட்டவும் தெரியும். உங்கள் தெருவிலே முப்பது வயதைக் கடந்தும் சோதிக்காதவர் யார்? அட்டை பெறாத குடும்பம் எது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திய பாட்டி எந்த வீட்டிலே? இவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை வரவில்லையென்றால் மனுவோடு போய் நில்லுங்கள்; யாருடைய ஆட்சியாயினும் கேளுங்கள்! "நாளைக்குப் பார்க்கலாம்" என்பவரிடம் அறிவுரை கூறாதீர்கள். அவர் கூலி போகாதபடி ஒரு மாலை முகாமைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மதில் எழுப்பியோர் பெயரையெல்லாம் வரலாறு எழுதி வைக்கவில்லை. ஆயினும் மதில் நின்றது. உங்கள் பெயரும் எழுதப்படாமற் போகலாம். ஆனால் கமிட்டியிலே மூட்டை சுமக்கும் அந்தத் தோழன், பத்தாண்டுக்குப் பிறகும் தன் காலால் நடந்து இந்தத் திடலுக்கு வருவானாகில், அதைவிடப் பெரிய கல்வெட்டு நமக்கு வேறெது?