ஏரிக்கரைக் கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

மழை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ காலையில நடக்கப் போறவங்க ஏரிக்கரையிலயோ, வாய்க்கால் ஓரத்துலயோ, தெருமுனைக் காலி மனையிலயோ கொஞ்சம் குனிஞ்சு பார்த்தா போதும். குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டைன்னு வரிசையா நிக்கும். பாட்டி வைத்தியத்துல பாதி அந்த ஓரத்துலதான் இருக்கு. இன்னைக்கு அந்தச் செடிகள்ல சிலதைப் பத்திப் பேசலாம். எல்லாத்துக்கும் நேரம் இல்லை. ஆனா கீழாநெல்லிக்கிட்ட மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிப்போம், ஏன்னா அதுலதான் உயிர்ப் பிரச்சினை இருக்கு.

முதல்ல வெட்டுக்காயப் பூண்டு. நடுவுல மஞ்சளா, சுத்தி வெளிறின இதழோட, நீளமான காம்புல ஒத்தைப் பூ நிக்குமே, அதுதான். சின்ன வயசுல அந்தப் பூந்தலையைக் கட்டைவிரலால சுண்டி விளையாடாதவங்க கம்மி. வயல்ல அரிவாள் பட்டா இதோட இலையைக் கசக்கிச் சாறு விடுறது இன்னைக்கும் இருக்கிற பழக்கம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இது நம்ம ஊர்ச் செடியே இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதாவது, கொலம்பஸ் காலத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ல யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது. வந்த செடியை நம்ம ஆட்கள் தொட்டுப் பார்த்து, காயத்துல வச்சுப் பார்த்து, ஒரு பேரும் வச்சுட்டாங்க. நாட்டு வைத்தியம்னா எல்லாமே ஆயிரம் வருஷப் பழசுன்னு நினைக்க வேண்டியதில்லை. அது புதுசையும் சோதிச்சுப் பார்க்கிற ஒரு பழக்கம்தான். சின்னச் சிராய்ப்புக்கு அது சரி. ஆழமான வெட்டு, துருப்பிடிச்ச தகரம் குத்தினதுன்னா, சோப்புப் போட்டுக் கழுவிட்டு டெட்டனஸ் ஊசிக்குப் போயிடுங்க.

அடுத்தது குப்பைமேனி. இதுக்குப் பூனைவணங்கின்னும் ஒரு பேர் உண்டு. வேரைப் பிடுங்கிப் போட்டா பூனை வந்து மோந்து, மேல விழுந்து புரளும். சொறி, அரிப்புக்கு இலையை உப்போட அரைச்சுப் பூசுவாங்க. அது வெளிப்பூச்சு. ஆனா சளிக்கும் குடல் புழுவுக்கும் உள்ளுக்குக் கொடுக்கிற பழக்கமும் இருக்கு. அங்கதான் ஒரு எச்சரிக்கை சொல்லணும். சிலருக்குப் பிறவியிலேயே ஜி-6-பிடி என்கிற நொதி குறைவா இருக்கும். அவங்க குப்பைமேனியைச் சாப்பிட்டா ரத்தச் சிவப்பணுக்கள் உடைஞ்சுபோகலாம். இலங்கையில இப்படி நடந்தது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. அப்போ கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பா போகும். இதைப் பார்க்கிற வீட்டுல என்ன நினைப்பாங்க? 'காமாலை வந்துடுச்சு, கீழாநெல்லி பறிச்சுட்டு வா'ன்னுதான் சொல்லுவாங்க.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம்.

அரையடி, ஒரு அடி உயரம்தான் வளரும். பார்க்கப் புளிய இலை மாதிரி ரெண்டு பக்கமும் வரிசையா இலை இருக்கும். அந்தச் சின்னக் கிளையைத் திருப்பிப் பாருங்க. அடியில, கடுகு மாதிரி பச்சைக் காய்கள் வரிசையா தொங்கும். நெல்லிக்காயைச் சுருக்கினா எப்படி இருக்குமோ அப்படி. கீழ்க்காய் நெல்லின்னும் சொல்றது அதனாலதான். ஆனா இதே அடையாளம் இதோட சொந்தக்காரச் செடிகளுக்கும் உண்டு. சிவப்புத் தண்டோட ஒண்ணு வரும், காம்பே இல்லாத காயோட ஒண்ணு வரும். தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைச் சரக்கை வாங்கி, மரபணு வரைக்கும் போய்ச் சோதிச்ச ஒரு ஆய்வு 2010ல வந்தது. கிட்டத்தட்ட முக்கால்வாசிக் கடைகள்ல சரியான செடிதான் பெரும்பங்கு இருந்தது. மீதிக் கடைகள்ல அதே குடும்பத்தைச் சேர்ந்த வேற செடிகள் இருந்தன. காலங்காலமா விக்கிற இடத்திலேயே இப்படின்னா, நாம நடக்கிறப்போ அவசரத்துல பறிக்கிறதைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

இது வேலை செய்யுமா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறீங்க. சென்னையில நடந்த ஆராய்ச்சி ஒண்ணு இதை உலக அளவுக்குக் கொண்டுபோச்சு. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் பரிசு வாங்கின பரூச் பிளம்பர்க் அதுல ஒரு ஆசிரியர். 1988ல 'லான்செட்' இதழ்ல வெளியாச்சு. கீழாநெல்லி சாப்பிட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றாளர்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தத்துல வைரஸோட அடையாளம் மறைஞ்சுது, வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 4 சதவீதம் பேருக்குத்தான் மறைஞ்சுதுன்னு எழுதினாங்க. பெரிய நம்பிக்கை வந்தது. ஆனா அதுக்கப்புறம் மத்த இடங்கள்ல செஞ்சு பார்த்தப்போ அந்த முடிவு திரும்ப வரலை. யூடியூப்ல முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திடுறாங்க, எனக்கு அதுலதான் கோபம்.

அப்போ ஊர்ல இத்தனை பேருக்குச் சரியானது பொய்யா? பொய் இல்லை. நம்ம ஊர்ல காமாலை பெரும்பாலும் கெட்ட தண்ணியால, சாப்பாட்டால வர்ற ஹெபடைட்டிஸ் ஏ, ஈ. அது பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானா சரியாகிடும். கீழாநெல்லியை மோர்ல கலந்து குடிச்சாலும் சரியாகும், ஓய்வெடுத்துட்டுச் சும்மா இருந்தாலும் சரியாகும். பேர் மட்டும் இலைக்குப் போயிடும். இலை கொடுத்தவர் மேல எனக்கு வருத்தமே இல்லை. பல பேர் காசுகூட வாங்கறதில்லை.

ஆனா காமாலைங்கிறது ஒரு நோய் இல்லைங்க, ஒரு அறிகுறி. பித்தப்பைக் கல் குழாயில அடைச்சாலும் கண் மஞ்சளாகும். கணையத்துல கட்டி வந்தாலும் ஆகும். எலிக்காய்ச்சல், குடியால கெட்ட கல்லீரல், எலி மருந்து விஷம், எல்லாத்துக்கும் அதே மஞ்சள்தான். இதுல எதுக்கும் இலை கேட்காது. அந்த மூணு வாரம், நாலு வாரம் உப்பில்லாப் பத்தியத்துல போயிடும். அடைப்பை எடுக்க வேண்டிய நேரம் போயிடும்.

அதனால, கண் மஞ்சளாச்சுன்னா முதல்ல ரத்தப் பரிசோதனை. எல்எஃப்டி, கூடவே ரத்தம் உறையற நேரத்துக்கான பரிசோதனை, வைரஸ் சோதனை. அரசு மருத்துவமனையிலேயே கேளுங்க. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போறது, உடம்பெல்லாம் அரிப்பு, விடாத காய்ச்சல் இருந்தா தள்ளிப்போடாதீங்க. பேச்சுல தடுமாற்றம், பகல்ல எழுப்ப முடியாத தூக்கம், ஈறுல ரத்தம்னா அன்னைக்கே, அப்பவே கிளம்புங்க. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைட்டிஸ் ஈ ரொம்ப ஆபத்து, அவங்க விஷயத்துல ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஏற்கனவே இலை சாப்பிட்டிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. திட்டுவார்தான், பரவாயில்லை.

வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமா தீ மாதிரி பூத்திருக்கே செங்காந்தள், நம்ம மாநிலப் பூ, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. கண்வலிக்கிழங்குன்னு சொல்றது அதோட கிழங்கைத்தான். அதுல இருக்கிற கால்சிசின், கவுட் மூட்டுவலிக்கு மில்லிகிராம் கணக்குல கொடுக்கிற மருந்து. அதே கிழங்கைச் சாப்பிடுற கிழங்குன்னு நினைச்சு அவிச்சுத் தின்னு செத்தவங்களும் உண்டு. வேக வச்சா விஷம் போயிடும்னு நம்பாதீங்க. குழந்தைங்க மண்ணு தோண்டுற இடத்துல இருந்தா காட்டிக்கொடுத்து வைங்க.

இன்னொண்ணு, நடைபாதை ஓரத்துல இலை ஓரம் மட்டும் பழுப்பா கருகியிருந்தா, களைக்கொல்லி அடிச்சிருக்கலாம். அங்க எதையும் பறிக்காதீங்க, கீரையைக்கூட. பஸ் போற ரோட்டோரமும் வேண்டாம். வேணும்னா நல்ல இடத்துல ஒரு செடியை வேரோட எடுத்து வீட்டுத் தொட்டியில வையுங்க. கீழாநெல்லி ஒருதடவை காய் விட்டாப் போதும், அடுத்த மழைக்கு மத்த தொட்டியெல்லாம் அதோடதுதான்.

அடுத்த எபிசோடுல, வேட்டியிலயும் துப்பட்டாவிலயும் ஒட்டிக்கிட்டு நம்மகூடவே வீடு வரைக்கும் வர்ற நாயுருவியைப் பத்திப் பேசலாம்.