வெயிலும் விளையாட்டும்

வைட்டிலாவிலிருந்து மெட்ரோ ரயிலேறி, மகாராஜா கல்லூரி மைதானத்துக்குக் கோடைப் பந்தயம் காணவோ ஓடவோ செல்வோர் வெப்பமானியை மட்டும் நம்புதல் தகாது. கொச்சிக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

1986 செப்டம்பரில், இதே போன்ற கடற்கரை நகரமாகிய சென்னையின் சேப்பாக்கத்தில், எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ஓட்டங்கள் குவித்தார் ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ். ஆட்டத்தினிடையே வாந்தியெடுத்தார், பின்னர் மருத்துவமனையில் அவருக்கு உப்புநீர் ஏற்ற நேர்ந்தது. வயது 25தான்! முதியோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தாகம் எடுக்குமுன்னரே உப்பிட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ பருகுங்கள். எவருக்கேனும் பேச்சுக் குழறினால், நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விடாது விசிறுங்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது.