வாழையும் வாளையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



துறைமுகத்துப் பொறியாளனுக்கும் ழகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கடலின் ஆழம், கப்பல் மூழ்கும் ஆழம் என்று எங்க பிழைப்பே ழகரத்தில்தானே ஓடுது!

நம்ம ஊர்ச் சந்தையில் வாழையும் கிடைக்கும், வாளை மீனும் கிடைக்கும். பேச்சில் இரண்டும் 'வாளை'தான். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சென்னைப் பேச்சில் அது 'வாயப்பயம்', யாழ்ப்பாணத்தில் 'வாளப்பளம்'. ஆக, இது தூத்துக்குடிக்காரன் மட்டும் செய்கிற குற்றமில்லை.

ளகரத்துக்கு நாக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளைந்து நெருங்கும், ஆனால் அடைக்காது. அந்தச் சின்ன இடைவெளிதான் ழகரம். அதை ரகரத்தோடு சேர்த்து, நுனிநாக்கு அண்ணத்தை வருடப் பிறப்பதாகத் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார்.

'தமிழுக்கு மட்டுமே உரியது' என்று மேடையில் முழங்குகிறோம். அது சரியில்லை. மலையாளத்தில் இன்றும் நன்றாக வாழ்கிறது. பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் இருந்தது. இன்று நம்முடைய 'ஏழு' கன்னடத்தில் 'ஏளு', தெலுங்கில் 'ஏடு'. அண்டை வீடுகளில் தொலைந்த பொருள் நம் வீட்டிலும் தொலையலாம்.

1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலின் தலைப்பில் நம் மொழி 'தமுல்' ஆனது. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. நம் ஒலிக்கு நம் எழுத்து வேண்டும் என்பதை இந்தக் கடற்கரை அன்றே கண்டுகொண்டது.

தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். 1961-க்குப் பிறகு நம் கடலில் பழைய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அன்று மூழ்கியவர்களுக்கு இன்று எண்பது வயதைத் தாண்டியிருக்கும். சோழகக் காற்றை அந்தத் தாத்தாக்கள் 'சோளகம்' என்றுதான் சொல்வார்கள். திருத்தாதீங்க, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. கையில் செல்போன் இருக்கே, அப்படியே பதிவு பண்ணுங்க. பார், சிப்பி, காற்று, நீரோட்டம் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

வகுப்பிலும் மேடையிலும் ழகரத்தைப் பழகுங்கள். அது பயிற்சியால் வரும். போன குரல் எந்தப் பயிற்சியாலும் திரும்பி வராது.